பெருங்கமராவின் வரவும் செலவும்

லுணுகலையிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் பழங்குடும்பங்களின் இல்லங்களுக்குச் செல்வோர், முன்னறைச் சுவரிலே கண்ணாடிச் சட்டத்துள் தொங்கும் பழுப்பேறிய படம் ஒன்றைக் காணாது திரும்புதல் அரிது. தலைப்பாகையணிந்த பெரியவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். அருகே அம்மையார் கைகளை மடிமீது வைத்திருப்பார். பிள்ளைகள் இமைகொட்டாது நிற்பர். அப்படத்தின்மீது ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். சேலைக்கரையின் கட்டம், காதணியின் கல், பெரியவரின் கைந்நரம்பு யாவும் தனித்தனியே தெரியும். பக்கத்திலே தொங்கும் பிற்காலத் திருமணப் படத்தையும் அவ்வாறே பாருங்கள். பெருக்கப் பெருக்க முகமே மணல்மணலாய்க் கலைந்துவிடும்.

பிற்காலத்துக் கருவி முற்காலத்துக் கருவியினும் தாழ்ந்ததோ என்று நேயர்கள் வினவலாம். தாழ்வு உயர்வு என்பது இதில் இல்லை. இரண்டும் வெவ்வேறு கணக்குப் போட்டவை. சிறிய கமரா விரைவையும் எளிமையையும் வரவில் வைத்து, நுணுக்கத்தைச் செலவில் எழுதியது. பெரிய கமரா நுணுக்கத்தை வரவில் வைத்து, எடை, காலம், பொருள், பொறுமை ஆகிய நான்கையும் செலவில் எழுதியது. படம்பிடிப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து நின்ற அந்தப் பெருங்கமராவை அமைத்தவர்கள் 180 ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்ததெல்லாம் இந்தக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டதேயாகும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் ஆகுமா? செலவில்லாத வரவை அவர்களுள் எவரும் கண்டாரிலர். அக்கணக்கை நமது மலைநாட்டுக் காட்சிகளைக் கொண்டே ஆராய்ந்து பார்ப்போம்.

பரப்பே பலம்

பெருங்கமராவின் அமைப்பு மிக எளியது. முன்னே வில்லையைத் தாங்கிய பலகை. பின்னே தேய்த்த கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே ஒளி புகாத துருத்தி. தேய்த்த கண்ணாடியில் உருவம் தலைகீழாக விழும். அதனைத் தெளிவாகக் காண்பதற்கே கறுப்புத் துணி. உருவம் கூர்மையுற்றதும், பின்புறத்தே ஒளித்தட்டு அடங்கிய உறையைச் செருகி, வில்லையின் மூடியைக் கழற்றி, வேண்டிய நேரம் எண்ணி, மீண்டும் மூடுவர்.

இதன் பலம் அந்தத் தட்டின் பரப்பில் இருக்கிறது. பலரும் அறிந்த 35 மில்லிமீற்றர் படச்சுருளில் ஒரு படத்தின் அளவு 24 மில்லிமீற்றருக்கு 36 மில்லிமீற்றர். 4 அங்குலத்துக்கு 5 அங்குலமான தட்டு அதனைப் போல் ஏறக்குறைய 15 மடங்கு பரப்புடையது. 8 அங்குலத்துக்கு 10 அங்குலமானதோ ஏறக்குறைய 60 மடங்கு. பரப்பு மிகுந்தால் பெருக்கவேண்டிய தேவை குறையும். பெருந்தட்டின் நெகட்டிவைக் காகிதத்தோடு ஒட்டவைத்து வெயிலில் காட்டினாலே தட்டளவுக்கு அச்சு கிடைத்துவிடும். மின்விளக்கு எட்டாத சிற்றூரிலும் படத்தொழில் நடக்க இது வழிசெய்தது. முகத்தில் ஒரு வடுவோ சுருக்கமோ இருப்பின், நெகட்டிவிலேயே கூரிய பென்சிலால் திருத்தவும் இடமிருந்தது. விரல்நகத்தளவு படத்தில் அத்திருத்தம் எளிதன்று.

இனிச் செலவைப் பார்ப்போம். பெரிய தட்டில் அதே காட்சியை அடக்க நீண்ட குவியத்தூரமுள்ள வில்லை வேண்டும். சிறு கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லை செய்யும் வேலையை, 8க்கு 10 அங்குலக் கமராவில் 300 மில்லிமீற்றர் வில்லை செய்கிறது. வில்லை நீள நீள, முன்னும் பின்னும் ஒருங்கே கூர்மையாய்த் தோன்றும் ஆழம் குறைந்துகொண்டே போகும். சிறு கமராவில் எஃப் 8 என்னும் துவார அளவில் கிடைக்கும் ஆழத்தைப் பெருங்கமராவில் பெறவேண்டுமாயின், துவாரத்தை எஃப் 48 அளவுக்குச் சுருக்கவேண்டும். அப்பொழுது உட்புகும் ஒளி 36இல் ஒரு பங்காகும். நொடியில் 36இல் ஒரு பங்கு நேரத்தில் முடியவேண்டிய படத்துக்கு ஒரு முழு நொடி தேவைப்படும். பழங்காலத் தட்டுகளின் மந்தமும் இதனோடு சேர்ந்தது. நம் முன்னோர் படங்களில் சிரிப்பின்றி விறைத்து நிற்பதற்கு அச்சமும் நாணமும் மட்டுமே காரணமல்ல. அசையாதிருத்தல் கருவி விதித்த கட்டளை.

பரப்பின் ஆசை எல்லை கடந்தால் என்னாகும் என்பதற்கும் சான்றுண்டு. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காக்கோ நகரிலே, ஒரு புகைவண்டி முழுவதையும் ஒரே தட்டில் பிடிக்கும்பொருட்டு ஜோர்ஜ் லோறன்ஸ் என்பவர் பூதாகரமான கமரா ஒன்றைச் செய்வித்தார். தட்டின் நீளம் 8 அடி. அகலம் 4½ அடி. தட்டுறையுடன் அதன் எடை 1,400 இறாத்தல். இயக்க 15 ஆட்கள். படம் அற்புதமாய் வந்தது. ஆயினும் அக்கமராவை அன்றாடத் தொழிலுக்குக் கொள்வார் யார்? வரவு பெரிதாயினும் செலவு தாங்காத கணக்கு அது.

பெட்டிக்குள் பெட்டியும் துருத்தியும்

1839ஆம் ஆண்டில் பாரிசில் விற்பனைக்கு வந்த டாகேர் முறைக் கமரா, ஒரு மரப்பெட்டிக்குள் மற்றொரு மரப்பெட்டி நகரும் அமைப்புடையது. உறுதியில் அதற்குக் குறைவில்லை. ஆனால் மடக்க இயலாது. மடக்கினாலும் பெட்டி பெட்டியாகவே இருக்கும். மலையேறுவோர் அதனைச் சுமந்து திரிதல் பெரும்பாடு.

1850களில் துருத்தி புகுந்ததும் எடை குறைந்தது எனலாம். 1857ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்துக் கட்டடக் கலைஞர் கின்னியர் என்பவர், முன்புறம் குறுகிப் பின்புறம் விரியும் கூம்புத் துருத்தியை வகுத்தார். அதன் மடிப்புகள் ஒன்றனுள் ஒன்று அடங்கி, கமரா ஒரு தடித்த புத்தகத்தின் அளவுக்கு மடங்கியது. ஆயினும் கூம்பு குறுகியதனால் வில்லையை மேலே உயர்த்தும்பொழுது துருத்தியின் மடிப்பே ஒளியை மறைத்தது. சதுரத் துருத்தி அவ்வாறு மறைப்பதில்லை. மடக்கினால் மட்டும் பருத்து நிற்கும். சுமப்பவனுக்குக் கூம்பு, கட்டடம் பிடிப்பவனுக்குச் சதுரம் என்று இரண்டும் இன்றுவரை நிலைத்துவிட்டன.

துருத்தியின் மற்றொரு செலவை நம் ஊரார் நன்கறிவர். தோலும் துணியும் பசையும் கொண்ட அவ்வுறுப்பு ஈரத்துக்குப் பரம எதிரி. மடிப்பின் மூலைகளில் ஊசிமுனைத் துளை ஒன்று விழுந்தாலே போதும்; தட்டின்மீது காரணமறியாக் கரும்புள்ளி படியும். துருத்தியினுள் விளக்கை வைத்து, இருட்டறையில் அதனைச் சுற்றிச் சோதிப்பது பழந்தொழிலாளர் வழக்கம்.

காகிதமா, கண்ணாடியா?

தட்டு எதனால் ஆகவேண்டும் என்பதிலும் இதே இழுபறி. 1851ஆம் ஆண்டில் ஆச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத்தட்டு முறை, கண்ணாடியின் தெளிவைத் தந்தது. ஆனால் மருந்து பூசிய தட்டு உலருமுன், சில நிமிடங்களுக்குள் படம்பிடித்து, உடனே கழுவியாகவேண்டும். எனவே செல்லுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் மருந்துக் குப்பிகளும் நீரும் உடன்செல்ல வேண்டியிருந்தன.

சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராயிருந்த கப்டன் லின்னேயஸ் திரைப், 1858ஆம் ஆண்டில் மதுரையையும் தஞ்சையையும் பெருங்கமராவில் பிடித்தபொழுது, மெழுகூட்டிய காகித நெகட்டிவையே கையாண்டார். வெப்பத்தில் ஈரத்தட்டு விரைந்து உலர்ந்துவிடும். மாட்டுவண்டிப் பயணத்தில் கண்ணாடி நொறுங்கும். காகிதமோ இலேசானது, முன்கூட்டியே தயாரித்து வைக்கலாம், பின்னர் ஆறுதலாகக் கழுவலாம். காகிதத்தின் நாரிழை நுணுக்கத்தைச் சிறிது மழுக்கும் என்பதே அதன் குறை. அக்குறையை ஏற்றுக்கொண்ட அவர், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாய்ப் பிடித்து ஒரே நீண்ட காட்சியாக இணைத்தார்.

நமது தீவில் 1870, 1871ஆம் ஆண்டுகளில் அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளை அரசாங்கத்துக்காகப் பிடித்த ஜோசப் லோற்றன் காலத்திலும் ஈரத்தட்டே ஆட்சி செய்தது. அடர்ந்த காட்டில், வெப்பத்திலும் காய்ச்சலிலும் அத்தனை சுமையோடு அத்தொழில் நடந்தது. உடல்நலங் குன்றி இங்கிலாந்து திரும்பிய அவர் 1872ஆம் ஆண்டில் காலமானார். படங்களின் தெளிவை வியக்கும் நாம், அந்தச் செலவையும் எண்ணுதல் தகும். அவ்வாறே, சுமைகளைத் தலையில் ஏந்திச் சென்ற கூலியாட்களையும் எண்ணுதல் தகும். கமராவின் எடையைக் குறித்துவைத்த நூல்கள் அதனைச் சுமந்த தலைகளின் பெயரைக் குறித்துவைக்கவில்லை.

தொழிற்சாலைச் சுவர் சாய்வதேன்?

பெருங்கமராவின் தனிச்சிறப்பு அதன் அளவில் மட்டும் அடங்கியதன்று. முன்பலகையும் பின்பலகையும் தனித்தனியே அசையும் வல்லமை அதற்குண்டு. நம் பகுதியின் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொழுந்து வாட்டும் மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் உயர்ந்து, நீண்ட சன்னல் வரிசையோடு சரிவிலே நிற்கும் கட்டடம் அது. கீழ்ப் பாதையில் நின்று சாதாரணக் கமராவை அண்ணாந்து பிடித்தால், சுவர்கள் இரண்டும் உச்சியில் நெருங்கி, கட்டடமே பின்னால் சாய்ந்து விழுவதுபோல் தோன்றும். தட்டு சாய்ந்ததால் வந்த வினை இது.

பெருங்கமராக்காரர் கமராவைச் சாய்ப்பதில்லை. தட்டை நெட்டாக நிறுத்தி, வில்லைப் பலகையை மட்டும் மேலே உயர்த்துவார். கூரை படத்துள் வந்துவிடும். சுவர்களும் நேராய் நிற்கும். இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜில் மரவேலை செய்துவந்த பிரெட்றிக் சாண்டர்சன் என்பவர், கட்டடங்களைப் படம்பிடிக்கும் ஆர்வத்தால், 1895ஆம் ஆண்டில் இதற்கெனப் புதிய அமைப்பொன்றுக்கு உரிமம் பெற்றார். நீண்ட துளையிட்ட பித்தளைத் தாங்கிகள் வில்லைப் பலகையை இருபுறமும் பற்றிநிற்கும். திருகாணியைத் தளர்த்தினால் உயர்த்தலாம், சாய்க்கலாம், இறுக்கினால் அசையாது.

இதற்கும் விலையுண்டு. வில்லையை உயர்த்தும்பொழுது அது விழுத்தும் ஒளிவட்டம் தட்டைவிடப் பெரிதாயிருத்தல் வேண்டும். இல்லையேல் மூலைகள் இருண்டுவிடும். பெரிய ஒளிவட்டம் தரும் வில்லை பெருத்தது, விலை மிக்கது. மேலும், அசையும் மூட்டு ஒவ்வொன்றும் தளரக்கூடிய மூட்டாகும். எத்தனை சுதந்திரம் கொடுக்கிறோமோ அத்தனை திருகாணிகளைச் சரிபார்க்கும் கடமையும் கூடவே வருகிறது.

கொழுந்து மலையும் சாய்ந்த வில்லையும்

லுணுகலையிலிருந்து பசறை செல்லும் வீதியில் நின்று எதிர்மலையை நோக்குங்கள். காலடியில் தொடங்கும் தேயிலை வரிசைகள் நெடுந்தூரம் ஏறிச் செல்கின்றன. அண்மையிலுள்ள கொழுந்தும், தொலைவிலுள்ள வரிசையும் ஒருங்கே கூர்மையாக வேண்டும். துவாரத்தை மிகவும் சுருக்கலாம். ஆனால் நேரம் நீண்டு, மலைக்காற்றில் இலைகள் அசைந்து மங்கும். அளவுக்கு மீறிச் சுருக்கினால் ஒளி விளிம்பில் சிதறுவதாலும் கூர்மை கெடும்.

பெருங்கமராவோ வேறு வழி காட்டுகிறது. வில்லைப் பலகையைச் சில பாகை முன்னால் சாய்த்தால், கூர்மையின் தளமே சாய்ந்து, அந்த நிலத்தின்மீது பாய் விரித்தாற்போற் படிந்துவிடும். தட்டின் தளம், வில்லையின் தளம், காட்சியின் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கவேண்டும் என்பது இதன் விதி. பலூன்களிலிருந்து பிடித்த படங்களின் கோணலைத் திருத்த முயன்ற ஒஸ்திரியப் படைத்தலைவர் தியோடோர் ஷைம்புளூக், 1904ஆம் ஆண்டில் இதனைத் தம் உரிமப் பத்திரத்தில் விளக்கினார். பிரான்சிலிருந்து ஜூல் கார்ப்பந்தியே அதற்கு முன்னரே இவ்வழியைக் காட்டியிருந்தார். இன்று அவ்விதி ஷைம்புளூக் பெயராலேயே வழங்குகிறது.

ஆயினும் அந்தத் தளம் மெல்லியது. தேயிலை வரிசைகள் முழுதும் தெளிவாகும் அதே படத்தில், அருகே உயர்ந்து நிற்கும் நிழல்மரத்தின் உச்சி மங்கிப்போகும். நிலத்தைக் காக்க மரத்தை விட்டுக்கொடுப்பதா, மரத்தைக் காக்க நிலத்தை விட்டுக்கொடுப்பதா என்பதைத் தேய்த்த கண்ணாடியின் முன் நின்று படம்பிடிப்பவரே முடிவு செய்யவேண்டும்.

சாய்க்கும் அச்சு எங்கிருக்கவேண்டும் என்பதிலும் அமைப்பாளர் இருபிரிவாயினர். பலகையின் அடியில் அச்சை வைத்தால் கமரா எளிதாய் மடியும். ஆனால் சாய்க்குந்தோறும் வில்லை முன்னே நகர்ந்து கூர்மை மாறும். நடுவில் வைத்தால் கூர்மை பெரிதும் மாறாது, அமைப்பு பருக்கும். 1947ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் கார்ல் கொக் உருவாக்கிய சினார் கமராவில் உறுப்புகள் யாவும் ஒற்றைத் தண்டின்மீது ஏறின. முன்னும் பின்னும் வேண்டியவாறெல்லாம் அசைக்கலாம், துருத்தியையும் மாற்றலாம். படக்கூடத்துக்கு அதனினும் சிறந்தது அரிது. மலையேற்றத்துக்கோ அது பெருந்தொல்லை. ஜெர்மனியின் லின்ஹோவ் நிறுவனம் 1930களிலேயே உலோகத்தால் மடிப்புக் கமரா செய்து, அசைவிற் சிலவற்றைத் துறந்து, பெட்டிபோல் மூடும் வசதியைப் பெற்றிருந்தது. எல்லா அசைவும் எல்லா வசதியும் ஒரே கருவியில் இன்றளவும் கூடவில்லை.

டிக்கோயாவில் ஓர் அம்மையார்

மற்றவர் குறையெனத் தள்ளியதையே தம் கலையாகக் கொண்ட ஒருவர் நமது மலைநாட்டில்தான் துயில்கிறார். 1815ஆம் ஆண்டில் கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கிரட் கமரன் அம்மையார், இங்கிலாந்தில் தமது 48ஆம் வயதிலேதான் கமராவைத் தொட்டார். 1866ஆம் ஆண்டுமுதல் 15க்கு 12 அங்குலத் தட்டுகொள்ளும் பெருங்கமராவைக் கையாண்டார். அத்தகைய கமராவை முகத்துக்கு அருகே கொணர்ந்தால் ஆழம் மிகச் சுருங்கும். கண் தெளிந்தால் காது மங்கும். நிமிடக்கணக்கில் அமர்ந்திருப்பவர் சற்றே அசைவதும் படத்திற் பதியும். அக்காலத் திறனாய்வாளர் பலர் இதனைக் கைத்திறக் குறைவென்று பழித்தனர். அம்மையார் அதனை மாற்ற முற்படவில்லை. முகத்தின் உயிர்ப்பு கிடைக்கிறதெனின், விளிம்பின் கூர்மை போகட்டும் என்பதே அவர் கணக்கு.

1875ஆம் ஆண்டில் கணவரோடு இலங்கைக்கு வந்து குடியேறினார். குடும்பத்துக்கு இங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கு அவர் பிடித்த படங்களுள் எஞ்சியவை சிலவே. அவற்றில் தோட்டத் தொழிலாளரின் உருவங்களும் உள. இங்கிலாந்தின் கவிஞரையும் அறிஞரையும் பிடித்த அதே கமரா அவர்களையும் பிடித்தது. ஆனால் கவிஞருக்குப் பெயர் உண்டு. தொழிலாளருக்குப் பெயர் எழுதப்படவில்லை. இக்குறையை வில்லையின்மீது சுமத்த இயலாது. 1879ஆம் ஆண்டு ஜனவரியில் டிக்கோயாப் பகுதியில் காலமான அம்மையாரின் கல்லறை, பொகவந்தலாவை தேவாலயத்தில் இருக்கிறது.

மரமா, உலோகமா?

ஊவாவின் பருவநிலை கமராவுக்கு ஒரு கடுஞ்சோதனை. மார்கழி மாரியில் நாட்கணக்காய் மழையும் மூடுபனியும். ஆடி, ஆவணியில் உலர்ந்த கச்சான் காற்று. ஊவாத் தேயிலைக்குத் தனிமணம் ஊட்டும் அதே காற்று, மரச்சட்டத்தைச் சுருக்கிப் பிளக்கவும் வல்லது. மாரியில் பருத்து இறுகிய தட்டுறை, கச்சானில் தளர்ந்து ஒளிவிடும்.

வெப்பநாடுகளுக்கென ஐரோப்பியத் தயாரிப்பாளர் தேக்கு மரமும் பித்தளைப் பூணும் கொண்ட கமராக்களைச் செய்தனர். தேக்கு எளிதில் திருகாது, பூச்சி அரிக்காது. மகோகனியைவிட எடை கூடியது என்பது மட்டுமே அதன் செலவு. உலோகம் ஈரத்தாற் பருப்பதில்லை, அளவு பிசகாது. எனினும் கனமானது, கீழே விழுந்து வளைந்தால் ஊர்த் தச்சரால் நிமிர்த்த இயலாது. மரம் உடைந்தால் தச்சர் உண்டு. பித்தளை போனால் கன்னார் உண்டு. தொழிற்கூடம் தொலைவிலுள்ள ஊர்களில் இதனினும் பெரிய வசதி வேறென்ன?

இவ்வுண்மையைக் கேரளத்தின் ஆலப்புழை நகரம் மெய்ப்பித்தது. இசைக்கருவிகளைச் செப்பனிடும் குடும்பமொன்றில் வந்த கருணாகரன் என்பவர், படப்பிடிப்பாளர் ஒருவரின் வெளிநாட்டுக் கமராவுக்குத் துருத்தி செய்துகொடுக்க நேர்ந்தது. துருத்தி வெற்றியாகவே, 1940களில் தேக்காலும் பித்தளையாலும் முழுக் கமராவையே செய்தார். வாகீசுவரி என்று கலைமகளின் பெயர் பூண்ட அக்கமரா இந்தியப் படக்கூடங்கள் பலவற்றிற் புகுந்தது. அதன் அமைப்பில் புதுமை மிகுதியில்லை. வில்லைகூட வெளிநாட்டிலிருந்தே வந்தது. ஆயினும் ஏழைப் படப்பிடிப்பாளரின் கைக்கெட்டியது, பழுதானால் உள்ளூரிலேயே திருந்தியது என்னும் இரண்டும் அதன் பெருவரவு. அமைப்புக் கலையில் இத்தகைய வரவைச் சிறிதென்று எண்ணலாகாது.

பிரிந்தோர் கையில் ஒரே படம்

இவ்வளவும் கருவியின் கணக்கு. நம்மவர் வாழ்வில் இதன் பயன் என்ன?

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்பமான சிறிமாவோ சாஸ்திரி உடன்படிக்கைப்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர். ஒரே லயத்தில் வாழ்ந்த உடன்பிறந்தாரும் பிரிந்தனர். கடவுச்சீட்டுக்கு ஒரு சிறு முகப்படம் போதும். அதற்குச் சிறு கமராவே தகுந்தது. மலிவும் விரைவும் அங்கே வரவு. ஆனால் பிரிவதற்குமுன் எல்லோரும் கூடியெடுத்த படமென்றால் அதன் கணக்கே வேறு. இருபது பேர் நிற்கும் கூட்டத்தில் கடைசி வரிசைக் குழந்தையின் முகமும் தெரியவேண்டுமாயின் பெருந்தட்டு வேண்டும். ஒரே நெகட்டிவிலிருந்து இரண்டு அச்சுகள் எடுத்தால், ஒன்று லுணுகலையிலும் மற்றொன்று கூடலூரிலோ கோத்தகிரியிலோ சுவரேறலாம். பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாவிடினும், பெரியவரின் கைந்நரம்பை இரு கரையிலும் காணலாம்.

எடை, காலம், பொருள், பொறுமை என நாம் முதலில் எழுதிய நான்கு செலவுகளும் யாருக்காகச் செய்யப்பட்டன என்பதற்கு இதுவே விடை.

இன்றைய நிலை

பெருங்கமரா மடிந்துவிட்டதென்று கருதவேண்டாம். 2014ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிறைற்றன் நகர மாணவர் ஒருவர் தொடங்கிய இன்றெபிட் என்னும் முயற்சி, ஒட்டுப்பலகையால் 4க்கு 5 அங்குலக் கமராவைச் செய்து, எடையை ஏறக்குறைய 1 கிலோகிராமுக்குக் கொணர்ந்தது. விலையும் குறைந்தது. காற்றடித்தால் சிறிது நடுங்கும். பூட்டுகள் பழைய உலோகக் கமராவின் இறுக்கம் கொண்டவையல்ல. சீனத்தில் கரிநார் கலந்து செய்யும் கமராக்கள் அந்நடுக்கத்தைக் குறைத்து விலையைக் கூட்டின. பழைய கணக்கே புதிய பொருள்களில் தொடர்கிறது. தட்டுப் படச்சுருளின் விலையோ ஏறிக்கொண்டே செல்வதால், ஒரு படம் எடுக்குமுன் பத்து முறை சிந்திக்கவேண்டிய நிலை. அதனையே ஒரு வரவென்று மகிழ்வோரும் உண்டு.

நேயர்களுள் சிலரது இல்லங்களில், மூடிய படக்கூடம் ஒன்றிலிருந்து வந்த கண்ணாடி நெகட்டிவுகள் தகரப்பெட்டியில் உறங்கக்கூடும். அவற்றை ஈரத்துணியால் துடைக்கவேண்டாம். மருந்து பூசிய பக்கம் நீர்பட்டால் உரியும். விளிம்பைப் பற்றியே தூக்குக. ஒவ்வொன்றையும் தனித்தனி நல்ல காகித உறையிலிட்டு, புத்தகங்களைப்போல் நிறுத்தி, அடுப்பும் ஈரச்சுவரும் இல்லாத அறையில் வைக்குக. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டு பாரத்தால் பிளக்கும். வெண்ணொளி விளக்கின்முன் பிடித்துக் கைப்பேசியில் ஒரு பிரதி எடுத்துக்கொள்வதும் நன்று. உறவினருக்கு அனுப்ப அது உதவும்.

ஆயினும் பிரதி கிடைத்ததென்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள். கைப்பேசிப் பிரதி எளிமையின் வரவு. அதில் நுணுக்கம் செலவாகிவிட்டது. மூலத் தட்டிலோ, இன்னும் எவரும் பெருக்கிப் பாராத முகங்கள் இருக்கலாம். உறையின்மேல் மென்மையான பென்சிலால் ஊர், தோட்டம், ஆண்டு, நிற்போர் பெயர் ஆகியவற்றை, அறிந்த முதியவரைக் கேட்டு எழுதிவையுங்கள். பெருங்கமரா எத்தனை நுணுக்கமாகப் பிடித்தாலும் ஒருவரது பெயரைப் பிடிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அவ்வேலை நம்முடையது.